பக்கத்து இருக்கை

விமானக் கொட்டகையின் பாதி திறந்த கதவு வழியே வந்த காலை வெயில் இறக்கையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சின்ன விமானத்தின் சொந்தக்காரி, எழுபத்தெட்டு வயது பைலட், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்தபடியே கைப்பேசியோடு மல்லுக்கட்டுகிறாள். "உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்னப்பா?" ஸ்பீக்கரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் குழைகிறான். "கம்பெனி ரூல் மேடம். பக்கத்து சீட்டுல வயசு கம்மியான பைலட் இருந்தாதான் முழு இன்ஷூரன்ஸ்." இத்தனை வருடமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து வரும் கணவர், "நான் பின்னாடி உக்காந்துக்கறேன்மா," என்கிறார். அவள் முறைத்த முறைப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவள் கைப்பேசிப் பக்கம் திரும்புகிறாள். "விமானத்துக்கு இன்ஷூரன்ஸே வேண்டாம். அடுத்தவங்களுக்குச் சேதம்னா கொடுக்கற பாலிசி மட்டும் போடு. அதுக்கும் சின்னப் பையன் வேணுமா?" "வேண்டாம் மேடம். ஆனா விமானம் உடைஞ்சா உங்களுக்கு ஒரு பைசா வராது!" "என் விமானம். நான் பாத்துக்கறேன்." எதிர்முனையில் விசைப்பலகையைத் தயங்கித் தயங்கித் தட்டும் சத்தம் கேட்கிறது. "போட்டுட்டேன் மேடம்." அவள் கம்பியைச் செருகிவிட்டு நிமிர்கிறாள். கணவர் இறக்கைமேல் ஏறிப் பின் இருக்கைக்குள் குனிந்துகொண்டிருக்கிறார். எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "அங்க எங்க நுழையறீங்க? முன்னாடி உக்காருங்க."