முளைக்காத புல்

தாளாளர் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.

வேறு வழியில்லை. ‘காலணியோடு உள்ளே வராதீர்’ என்று வாசலில் பலகை மாட்டச் சொன்னவரே அவர்தான்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் ஓரத்தில் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே புது மைதானம். அப்படியொரு பச்சையை எந்தச் செடியிலும் பார்க்க முடியாது.

போன மாதம் வரை அங்கே நிஜப் புல் இருந்தது. இருந்தது என்று சொல்வதே பெருந்தன்மை. கோல் கம்பங்களுக்கு முன்னால் அது தாளாளரின் தலையைப் போலவே ஆகிவிட்டிருந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் பாதி மைதானத்தைக் காலில் அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் புல்லை விரித்தாயிற்று.

தாளாளரும் தலைமை விருந்தினரும் ரிப்பனை வெட்டினார்கள். விருந்தினர் விளையாட்டுத் துறையின் பெரிய அதிகாரி. பள்ளியின் விளையாட்டு ஆசிரியைதான் எப்படியோ பேசி அவரை வரவழைத்திருந்தார். பன்னிரண்டு மணியை விட்டால் அந்த அதிகாரி அம்மாவுக்கு நேரமே இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

மைக் மைதானத்தின் நட்டநடுவில் நின்றது. போட்டோவில் பச்சை முழுவதும் விழ வேண்டும் என்பது தாளாளரின் யோசனை.

முதல் இரண்டு அடி இதமாக இருந்தது.

ஐந்தாவது அடியில் மெல்லிய சாக்ஸைத் தாண்டி ஏதோ கடித்தது. எறும்பு என்று நினைத்தார். பிளாஸ்டிக்கில் ஏது எறும்பு?

மைக்கை எட்டியபோது உள்ளங்கால் இரண்டும் கொதித்தன. பக்கத்தில் அதிகாரி அம்மா, தரையைத் தொடும் சேலையில், குளக்கரையில் காற்று வாங்குகிறவர் மாதிரி நின்றார்.

ஒரு பெண்பிள்ளையே அசையாமல் நிற்கும்போது ஆம்பிளை ஓடுவதா? தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“இந்தப் புல்லுக்குத் தண்ணி வேண்டாம்.” வலது காலைத் தூக்கினார். “உரம் வேண்டாம்.” இடது காலைத் தூக்கினார்.

சின்ன வகுப்புக் குழந்தைகள் அந்தத் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

“சார், ரெண்டு காலையும் கீழ வைங்க சார். போட்டோ ஆடுது” என்று போட்டோக்காரர் கத்தினார்.

சென்ற வாரம் இதே விளையாட்டு ஆசிரியை, கால்பந்து அணியின் கோல்கீப்பர் பெண்ணைத் தாளாளர் அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார். திறப்பு விழாவுக்கு முன்பே புதுப் புல்லில் பயிற்சி தொடங்கியிருந்தது. பெண்களுக்கு விளையாட்டு நேரம் மதியம். ஷூவுக்குத் தடை. அந்தப் பெண்ணின் உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். ஷூ போட அனுமதி கொடுங்கள், இல்லையென்றால் நேரத்தையாவது காலைக்கு மாற்றுங்கள் என்று ஆசிரியை கெஞ்சினார்.

“கால் தோல் உரிஞ்சா திரும்ப முளைச்சிடும் டீச்சர். இந்தப் புல்லு தேஞ்சா முளைக்குமா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார் தாளாளர்.

இப்போது அவர் பேச்சை முடித்துக்கொள்ளப் பார்த்தார். அதிகாரி அம்மா விடவில்லை.

“நிதானமா பேசுங்க சார். புல்லோட சிறப்பையெல்லாம் பிள்ளைங்களுக்கு ஒண்ணொண்ணா சொல்லுங்க. இன்னைக்கு எனக்கு வேற வேலையே இல்ல.”

தாளாளர் கண்ணில் நீர் முட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று முன்வரிசைப் பெற்றோர் நெகிழ்ந்தார்கள்.

“எப்பேர்ப்பட்ட வெயிலும் இந்தப் புல்லை…” ஒற்றைக் காலில் நின்று மூச்சை இழுத்தார். “ஒண்ணும் செய்யாது!”

அவ்வளவுதான். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

திறப்பு விழாவுக்குப் பின் அந்த மைதானத்தின் முதல் ஓட்டம் அது. மூன்று நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, விருந்தினர்களுக்காகத் தண்ணீர் பாட்டில்களைக் குளிர வைத்திருந்த ஐஸ் தொட்டிக்குள் இரண்டு காலையும் இறக்கினார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு, கீழே கிடந்த மைக் வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அந்தத் தொட்டியிலிருந்து யாரும் பாட்டில் எடுக்கவில்லை.

தொட்டிக்குள் நின்றபடியே எழுத்தரைக் கூப்பிட்டார். பலகையைக் கழற்றச் சொன்னார். இனி எல்லோருக்கும் ஷூ கட்டாயம், பெண்களுக்கு விளையாட்டு நேரம் காலையில். சுற்றறிக்கை அப்போதே தயாரானது. ‘மாணவியர் நலனில் நம் பள்ளி ஒருபோதும் சமரசம் செய்துகொண்டதில்லை’ என்ற முதல் வரியை அவரே சொன்னார்.

“ரொம்ப நன்றி சார்” என்றார் விளையாட்டு ஆசிரியை. முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

அதிகாரி அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாக்ஸைக் கழற்றினார். ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் பாத அளவுக்கு வெட்டிய தடித்த ரப்பர் துண்டுகள் மூன்று மூன்றாக விழுந்தன. போனை எடுத்தார்.

“அண்ணி, வேலை முடிஞ்சுது. ஆனா அண்ணனோட யோகா பாயை இப்படிக் கண்டதுண்டமா வெட்டிட்டோமே, கேட்டா என்ன சொல்லுவீங்க?”

மைதானத்தின் ஓரத்தில் விளையாட்டு ஆசிரியை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, போனை வாயருகே கொண்டுபோனார்.

“அடி போடி. வாங்கின நாள்லேர்ந்து உங்கண்ணன் அதைச் சுருட்டித்தான வெச்சிருக்காரு. காணோம்னு தெரியவே அவருக்கு ஒரு வருஷம் ஆகும்.”