அத்தை கொண்டுவந்த பை

"பையைப் பாத்தியா மெலியானே? விருந்துக்கு வச்ச பன்னிக்கறி முழுசும் அதுக்குள்ள போயிடும்!"

பக்கத்து வீட்டு கலோலைனி காதைக் கடித்தாள். மெலியானே சர்ச் ஹால் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் ஃபூசி வந்துகொண்டிருந்தாள். பூப்போட்ட கவுன், காதில் செம்பருத்தி, தோளில் ஒரு மூட்டைப் பை.

"வாங்க அண்ணி," என்றாள் மெலியானே பல்லைக் கடித்துக்கொண்டு.

வேறென்ன சொல்ல? டோங்காவில் புருஷனுடைய அக்கா என்றால் சும்மாவா! தம்பி வீட்டில் அவள் கை வைத்த பொருள் அவளுடையது. போன வருஷம் தையல் மெஷினை இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனாள். ஏன் என்று யாரும் கேட்க முடியாது.

இன்றைக்கு மட்டும் எதிலும் கை வைக்காமல் இருக்கணுமே சாமி என்று மெலியானே வேண்டிக்கொண்டாள்.

மகள் லாதாய்க்கு நியூசிலாந்து யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு. விமான டிக்கெட்டும் தங்கும் அறைக்கு முன்பணமும் அவரவர் பாடு. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அதற்காகத்தான் சர்ச் ஹாலில் இந்த ஆட்டம். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு பெண் ஆடுவாள். பார்க்கிறவர்கள் எழுந்து வந்து அவள் தோளிலும் கையிலும் நோட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள்.

ஏற்கனவே இரண்டு தரம் தள்ளிப்போன ஆட்டம். முதல் தரம் புயல். இரண்டாம் தரம் பாஸ்டருடைய மாமனார் செத்துப்போனார். இழவு விழுந்துவிட்டால் ஆட்டமாவது பாட்டாவது? மூச்சு விடக்கூடாது. இன்றைக்கும் நடக்கவில்லை என்றால் லாதாய் படிப்பு அவ்வளவுதான்.

"விலியாமி பணம் அனுப்பறேன்னு சொன்னானே அண்ணி, வந்துச்சா?"

விலியாமி ஃபூசியின் ஒரே பிள்ளை. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. 'லாதாய் டிக்கெட்டுல பாதி என்னோடது மாமி, வெள்ளிக்கிழமை அம்மா கையில இருக்கும்' என்று அவனே போனில் சொல்லியிருந்தான்.

"வரல," என்றாள் ஃபூசி.

"போனாவது வந்துச்சா?"

"மத்தியானம் வந்துச்சு. நீ ஏன் நின்னு கதை பேசற? எண்ணெய் காயறதுக்குள்ள பாட்டை ஆரம்பிக்கச் சொல்லு, போ!"

அமுக்கிவிட்டாள். பெற்ற பிள்ளை அனுப்பிய பணத்தை அப்படியே அமுக்கிவிட்டாள்! மெலியானேவுக்குச் சந்தேகமே இல்லை.

பாட்டு தொடங்கியது. லாதாய் அழகாகத்தான் ஆடினாள். ஆனால் இரண்டு தரம் ஏமாந்த கூட்டம் அசையவில்லை. ஒரு நோட்டு, இன்னொரு நோட்டு, அப்புறம் ஒன்றையும் காணோம். பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று.

திடீரென்று ஃபூசி எழுந்தாள். லாதாய்க்குப் பின்னால் போய் வாத்து மாதிரி இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தாள். ஹாலே கொல்லென்று சிரித்தது.

"யோவ் கடைக்காரரே! பாக்கெட்டுல என்ன, கோழி அடைகாக்குதா? எடும் வெளியே!"

கடைக்காரர் வெட்கத்தோடு எழுந்து வந்து ஒட்டினார்.

"பாஸ்டரய்யா, பரலோகத்துல நம்ம நோட்டு செல்லாதாம். இங்கயே ஒட்டிடுங்க!"

பாஸ்டரும் எழுந்தார். அப்புறம் ஒருத்தர் பாக்கியில்லை. ஃபூசி விழுந்தாள், புரண்டாள், கிழவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஆட வைத்தாள். கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. "சிரிச்சு சிரிச்சு முடியலடா சாமி!" என்று துடைத்துக்கொண்டு மறுபடி ஆடினாள்.

"ஊரான் பாக்கெட்டுக்கெல்லாம் கை நீளுது," என்றாள் கலோலைனி. "தன் பாக்கெட்டுலேருந்து ஒத்தை நோட்டு வந்துச்சா பாரு. சொந்தத் தம்பி பொண்ணு!"

மெலியானேவின் மனசிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து ஜெபமும் முடிந்தது. நோட்டை எண்ணினார்கள். டிக்கெட்டுக்கும் ஆயிற்று, அறைக்கும் ஆயிற்று. லாதாய் அம்மாவைக் கட்டிக்கொண்டு எண்ணெயும் கண்ணீருமாக அழுதாள்.

மகளின் தோளுக்கு மேலே மெலியானே பார்த்தாள். ஃபூசி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுச் சமையலறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். கறி மொத்தமும் அங்கேதான் இருந்தது. கூட்டத்துக்கு இன்னும் பரிமாறவில்லை.

போதும். அக்காவாவது நொக்காவாவது, இன்றைக்குக் கேட்டே விடுவது!

"அண்ணி, உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்று கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கறி மூடினது மூடினபடி இருந்தது. பூப்போட்ட கவுன் தரையில் கிடந்தது. ஃபூசி கறுப்பு உடுத்தியிருந்தாள். பையிலிருந்து எடுத்த பாயை, இழவு வீட்டுக்காரர்கள் கட்டுகிற மாதிரி, இடுப்பில் சுற்றிக் கயிறு கட்டப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை.

"யா... யாருக்கு அண்ணி?"

"லாதாய்க்குப் பணம் சேந்துடுச்சா?"

"சேந்துடுச்சு."

"முழுசா?"

"முழுசா அண்ணி. யாருக்குன்னு சொல்லுங்க!"

ஃபூசி காதிலிருந்த செம்பருத்தியை எடுத்துக் கீழே போட்டாள்.

"மத்தியானம் போன் பண்ணினது விலியாமி இல்லடி, அவன் முதலாளி. வண்டி கவுந்து என் புள்ள போயிட்டான்னு சொன்னாரு. இனிமே நான் அழலாம்ல?"