சாமிச் சேவலுக்குப் போட்ட கதவு

மீனம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதில் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை.

அவளுடைய கோழிப்பட்டிக் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மரநாய் உள்ளே புகுந்து அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டது. கோழிகளோடு சாமிச் சேவலும் போயிற்று.

சேவல் போனதுதான் பெரிய விஷயம். நாளைக்கு மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கிற கவ்வாத்து தொடங்குகிறது. தேயிலையில் முதல் கத்தி படுவதற்கு முன் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுத்தாக வேண்டும். இல்லையென்றால் கத்தி செடியை விட்டுவிட்டுக் காலில் பாயும் என்பது கவ்வாத்து வெட்டுகிற ஆண்களின் பயம். இந்த வருஷத்துச் சேவலைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் மீனம்மா.

கதவும் லேசுப்பட்ட கதவு இல்லை. மரநாய்த் தொல்லை கூடிப்போனதால் லயத்து ஆண்கள் ஒரு ஞாயிறு முழுக்க நின்று செய்தது. பழைய மாட்டுப்பட்டியில்தான் கோழிகள் இருந்தன, அதனால் ஆள் உயரக் கதவு. கனத்த பலகை, அதன் மேல் தகரம், இரும்புக் கொண்டி.

"புலி வந்து முட்டுனாலும் அசையாது" என்று அன்றைக்குத் தொழிற்சங்கத் தலைவர் ஜீவராஜே தட்டிப் பார்த்துச் சொன்னார்.

இன்றைக்கு அதே ஜீவராஜ் கோயில் முன்னால் கூட்டம் போட்டிருந்தார்.

"மீனம்மா பாவம்யா. புள்ள மாதிரி வளத்துச்சு. இத சும்மா விடக்கூடாது."

"விடவே கூடாது" என்றான் மீனம்மாவின் புருஷன் அழகன். "எம் பொஞ்சாதிக்கு வயிறு எரியுது தலைவரே."

மீனம்மாவுக்கு வயிறு எரிகிறதா என்று மீனம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் மற்றப் பெண்களோடு பின்னால் நின்றாள்.

"கதவு தானா நடந்து போகாது" என்றார் ஜீவராஜ். "பலகை ஒடையல. பக்குவமா ஸ்குரூவக் கழட்டியிருக்கு. வேலை தெரிஞ்ச கை."

எல்லார் கண்ணும் றோலண்ட் மேல் போயிற்று. லயத்தில் தச்சு வேலை தெரிந்தவன் அவன். கதவை மாட்டியவனும் அவன்தான். போதாததற்கு வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்.

"நான் மாட்டுன கதவ நானே எதுக்குங்க கழட்டுறேன்?"

"நீதான கேலி பண்ணுன? சேவல் குடுக்காட்டி கத்தி வெட்டாதான்னு?" என்றார் ஜீவராஜ்.

"கேலி பண்ணுனேன்தாங்க. அதுக்கு ஸ்குரூட்ரைவர் தேவைப்படலையே."

யாரோ சிரித்தார்கள். அழகன் திரும்பி முறைத்தான்.

"சிரிப்பா இருக்கா? கதவ எங்கடா வச்சிருக்க?"

"வீட்டுல வந்து பாருங்கண்ணே. அடுப்புக்குள்ளயும் பாருங்க."

"எரிச்சிருந்தா என்னாத்தப் பாக்குறது?"

கதவு இருந்தால் திருடன், இல்லாவிட்டால் எரித்தவன். இப்படி ஒரு நியாயத்துக்கு எந்த மனுஷன் பதில் சொல்ல முடியும்?

ஜீவராஜ் கையை உயர்த்தினார். "பேச்ச வளக்க வேணாம். றோலண்டு, பொழுது விடியிறதுக்குள்ள ஒரு சேவலக் கொண்டாந்து சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுரு. இல்லாட்டி கங்காணிகிட்டச் சொல்லிருவோம். ஒன்ன கவ்வாத்துல சேக்க மாட்டாங்க."

"செய்யாததுக்கு மன்னிப்பா? முடியாதுங்க."

"அப்ப கவ்வாத்து வேலையும் இல்ல."

றோலண்டின் மனைவி கேத்ரின் வாயைத் திறந்தாள். மீனம்மா அவள் கையை அழுத்திவிட்டு, முன்னால் வந்தாள்.

"அவர விடுங்க. கதவ நான்தான் கழட்டுனேன்."



"என்னாடி ஒளர்ற?" என்றான் அழகன்.

"ஒளறல. நம்ம லயத்துப் பொம்பளைங்க கக்கூசுல மாட்டியிருக்கு. கேத்ரின்தான் ஸ்குரூட்ரைவர் குடுத்துச்சு. நாங்க நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போனோம். றோலண்டு அண்ணனுக்கு ஒன்னும் தெரியாது."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை.

"அங்க இருந்திருந்தா எங்க கண்ணுல பட்டிருக்குமே?" என்றது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"பொம்பளைங்க பக்கம் ஒங்க கண்ணுக்கு என்னா வேலை?"

குரல் கொடுத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அழகனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அப்ப பட்டி வாசல்ல கெடந்த சாக்கு?"

"கக்கூசுல கதவுக்குப் பதிலா தொங்குன சாக்குதான். கதவ எடுத்துக்கிட்டு அத பட்டியில கட்டி விட்டேன்."

ஆண்கள் சிரித்தே விட்டார்கள். ஜீவராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா தங்கச்சி, புத்தி இருக்கா ஒனக்கு? சாக்கு ஒரு காவலா? மூக்க வச்சுத் தள்ளுனா விலகிரும். வெளிய ஒன்னு மோப்பம் புடிச்சுக்கிட்டே சுத்துதுன்னு எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே யாராச்சும் சாக்க நம்பி ஒரு உசுர உள்ள விடுவாங்களா?"

மீனம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இதத்தான் தலைவரே, எங்க பொம்பளப் புள்ளைங்களுக்காக ரெண்டு வருசமா ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கோம்."