கையெழுத்துக்குத் தயங்கிய அப்பா

"இன்னும் என்ன சார் யோசனை?" நர்ஸின் குரலில் சூடு ஏறியிருந்தது.

கட்டிலில் ஏழு வயது மகள் குருவி. இடது முழங்கை வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் அப்பா, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, வேடிக்கை பார்க்க வந்தவர்போல.

"மறுபடி சொல்றேன். இது மருந்து ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவம், ஒரு கையெழுத்துதான். ரெண்டும் நல்ல மருந்துதான். கையில அடிபட்ட பிள்ளைங்களுக்கு எது வலியச் சீக்கிரம் குறைக்குதுன்னு பாக்குறோம். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டமில்லன்னா சொல்லுங்க, வழக்கமா கொடுக்கிறதக் கொடுத்துடறேன்."

"இஷ்டந்தான் சிஸ்டர். என் பேர நீங்களே எழுதிக்கக் கூடாதா?"

"நல்லா இருக்கே! பெத்தது நீங்களா, நானா?"

அவர் இடது கையால் பேனாவை வாங்கி, கோழி கிளறியதுபோல் ஒரு கிறுக்கல் போட்டார். நர்ஸ் அதையும் அவரையும் மாறி மாறி முறைத்துவிட்டு, மருந்தைப் பாப்பாவின் வாயில் ஊற்றினார்.

"பத்துக்கு எவ்வளவுடி வலிக்குது?"

"நூறு!"

"பத்துக்குள்ள சொல்லு."

"அப்ப பத்து. ஆனா அப்பா சூப்பரு! நான் மதில் மேலேருந்து 'புடிப்பா'ன்னு குதிச்சேன். புடிச்சுட்டாரே! அப்புறந்தான் ரெண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு ஒண்ணுமே ஆகல!"

அரைமணி கழித்து நர்ஸ் மறுபடி கேட்டார்.

"ரெண்டு," என்றாள் குருவி, காலை ஆட்டிக்கொண்டே. "கட்டுப் போட்டுப் பிரிச்சதும் திரும்பக் குதிக்கலாமா?"

நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எந்த மருந்தோ, புண்ணியம் கட்டிக்கொண்டது. ஆனால் அப்பாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. திரைக்கு வெளியே அழைத்தார்.

"மாவுக்கட்டுக்கு இன்னொரு கையெழுத்து வேணும். இந்தத் தடவ ஒழுங்காப் போடுங்க. பிள்ளைய மதில்ல ஏத்திவிடத் தைரியம் இருக்கு, ஒரு காகிதத்தத் தொட மட்டும் பயமா?"

அவர் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்தில் ஊதி, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"அடக் கடவுளே! உடைஞ்சே போயிருக்கு! வந்ததுமே ஏன் சார் சொல்லல?"

"மெதுவா பேசுங்க சிஸ்டர்," என்றார் அவர். "அவ காதுல விழுந்தா, அப்புறம் என்ன நம்பிக் குதிக்கவே மாட்டா."