கெட்டி ஸ்பிரிங்

“பிரேக் அடிச்சா முன்பக்கம் துளிகூட அமுங்கக் கூடாது. பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆள் முன்னாடி சரியவே கூடாது!” என்றார் கணக்கு வாத்தியார்.

“இந்த வயசுல ரேஸா சார்?” என்று சிரித்தார் மெக்கானிக்.

“அது உனக்கெதுக்கு? கல்லு மாதிரி ஆக்கிக் குடு.”

பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கெட்டி ஸ்பிரிங் ஏறியது. வாத்தியார் கைப்பிடியைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். வண்டி அசைந்து கொடுக்கவில்லை.

“சர்வீஸுக்கு நானே விடுறேன்” என்று வருங்கால மாப்பிள்ளையிடம் வலியக் கேட்டு வாங்கி வந்த வண்டி அது. மாலையில் அவன் வாத்தியாரின் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

‘இனி எத்தனை சடன் பிரேக் போட்டாலும் உன் பாச்சா பலிக்காதுடா!’ வாத்தியார் வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தெருமுனைப் பள்ளத்தில் கல்லாய் இறுகிய வண்டி எகிறிக் குதித்தது. மகள் அலறிக்கொண்டு அவனை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

அவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: “வண்டி இப்போ பிரமாதம் மாமா!”