பூச்சியத்திலிருந்து ஐந்து வரை

"நீங்கள் வெளியில நில்லுங்கோ. இது நோயாளியிட்ட தனியாக் கேக்கிற விசயம்" என்றார் கிளினிக் நர்ஸ் சிவதர்சினி மிஸ்.

"நான் இருந்தாகணுங்க" என்றார் கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கிற கங்காணி சின்னராசா. சொன்னதோடு நிற்காமல் மர வாங்கில் உட்கார்ந்தும் விட்டார்.

பேச்சியம்மாவுக்குப் பயம் இன்னும் விடவில்லை. காலையில் டிக்கோயா பஸ்ஸில் இந்த மனுசன் தன் பின்னாலேயே ஏறியபோது பிடித்த பயம் அது. கிளினிக்குக்குத் துணையாம். துணைக்கா வருகிறார், தோட்டத்து ஆபீசுக்குச் சேதி கொண்டுபோகவா?

நுரையீரலுக்குப் போகிற இரத்தக் குழாயில் பிரஷர் என்று டொக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. வேலைக்கு முடியாதவள் என்று தெரிந்தால் செக்ரோல் பதிவில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவும் போகும். படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

யாழ்ப்பாணத்து மிஸ் ஒரு தாளை எடுத்தார். "முழுப்பேர் சொல்லுங்கோ."

"முழுப்பேருதாங்க மிஸ். ஒரு நாளும் அரைப்பேரு வாங்குனதில்ல."

மிஸ் விழித்தார்.

"அக்கா, ஒங்க பேரக் கேக்குறாங்க" என்றார் கங்காணி. "தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்தத்தான் பேருன்னு சொல்றதுங்க மிஸ். பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தா முழுப்பேரு, கொறஞ்சா அரைப்பேரு."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கவனமாக் கேளுங்கோ அம்மா. கஷ்டம் இல்லையெண்டால் பூச்சியம். தாங்கேலாது எண்டால் ஐந்து. இந்த வருத்தத்தோட உங்கட சீவியம் எப்பிடிப் போகுது எண்டு டொக்டர் அறியத்தான் இது. படி ஏறினால் மூச்சு வாங்குதோ?"

பேச்சியம்மா ஓரக்கண்ணால் கங்காணியைப் பார்த்தாள். "பூச்சியங்க."

வாசலில் மூன்று படி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை.

"குளிச்சு உடுப்பு மாத்தேக்க?"

"பூச்சியம்."

"பகலில படுக்கவேணும்போல இருக்குதோ?"

"அதுவும் பூச்சியங்க."

"இப்பிடிச் சொன்னால் மருந்தும் மாத்தேலாது, கண்டி ஆஸ்பத்திரிக்கும் அனுப்பேலாது அம்மா."

மருந்து கிடக்கட்டும், பேர் இருந்தால் போதும் என்று அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி. உங்கட வேலையைச் செய்ய மற்றவையின்ர உதவி தேவைப்படுதோ?"

"இல்லைங்க. பதினெட்டுக் கிலோ கொழுந்தையும் நான் ஒருத்தியேதான் எடுக்கிறேன்."

அந்தக் கேள்விகளில் அவள் மனசறிந்து பொய் சொல்லாத ஒரே பதில் அதுதான்.

"அது பொய்ங்க மிஸ்" என்றார் கங்காணி.

பேச்சியம்மா சடாரென்று அவர் பக்கம் திரும்பினாள். போச்சு, எல்லாம் போச்சு.

"பத்துக் கிலோ தாண்டமாட்டாங்க. எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க மிஸ். இவங்க மறைப்பாங்கன்னு தெரிஞ்சுதான் கூடவே வந்தேன்."

"அப்ப மிச்சம் எட்டுக் கிலோ?" என்றார் மிஸ்.

"பக்கத்து நிரைப் பொம்பளைங்க அப்பப்ப ஆளுக்கு ரெண்டு கை அள்ளி இவங்க முதுகுக் கூடையில போட்டுருவாங்க. இவங்களுக்கே தெரியாது."

மிஸ்ஸின் பேனா நின்றது. "இப்பிடி நடக்காமப் பாக்கத்தானே உங்களை வச்சிருக்கினம்? அந்த நேரம் நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"அங்கனதாங்க நிப்பேன்" என்றார் கங்காணி. "மத்தப் பக்கம் திரும்பிக்கிட்டு."