நிதானமான விசைகள்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை விசைப்பலகையின் மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. வேலையிலிருந்து வந்த கையோடு அவள் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, கணினியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். இடுப்பு விட்டுப்போகிறது. அவர் மொழிபெயர்ப்பாளர். நரம்பு நோய் வந்ததிலிருந்து கை நடுங்குகிறது. ‘நாளை முதல் வேலைக்கு வருகிறேன்’ என்று அலுவலகத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். விரல் விசையை விட்டு எழும்புவதற்குள் திரையில் நநநநந என்று ரயில் போல நீள்கிறது. “விட்டுடும்மா. வேற ஆளை வெச்சுக்கச் சொல்லிடலாம்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. “சும்மா இருங்க” என்கிறாள், அவளும் சுரத்தில்லாமல், அந்த எழுத்துகளை அழித்துவிட்டு. விரல் தெரியாமல் பட்டால் கண்டுகொள்ளாதே, அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்தைப் போடு, அதுவும் ஒருமுறைதான் என்று கணினிக்குச் சொல்லும் இடத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாற்றுகிறாள். சரிபார்க்கத் தன் வழக்கமான வேகத்தில் தடதடவென்று அடிக்கிறாள். திரை வெறுமையாகவே இருக்கிறது. மறுபடி அடிக்கிறாள். ஒன்றுமில்லை. “இதுவும் போச்சு” என்று அமைப்புகளைத் திரும்பத் திறக்கப் போகிறாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கி, நடுங்கும் விரலை ஒரு விசையில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஒரே ஒரு ‘ந’ வந்து நிற்கிறது. “உன் அவசரத்தைத்தான் அது மதிக்கலை” என்கிறார். வெகுநாள் கழித்துச் சிரிக்கிறார். “கொஞ்சம் உட்காரேன்.” அவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். அவர் விரல் கிளம்பி அடுத்த எழுத்துக்குப் போய்ச் சேரும்வரை இருவருக்கும் வேறு வேலை இல்லை.